இரண்டாவது பூனை

எங்கள் கிளையின் காவலர் இந்த மாதம் 31ஆம் தேதியோடு ஓய்வு பெறுகிறார். ராணுவத்தில் பதினேழு வருஷம், வங்கி வாசலில் பத்தொன்பது வருஷம், இரண்டு இடத்திலும் துப்பாக்கியைச் சுடாமலே காலந்தள்ளியதாகச் சொல்லிக்கொள்வார். ஓய்வு பெறுகிறவர்கள் தங்கள் பொறுப்பில் இருப்பதை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டும். அவர் பொறுப்பில் துப்பாக்கியைத் தவிர ஒன்றுதான் இருந்தது. ஏடிஎம் அறையில், குப்பைக்கூடைக்கும் சுவருக்கும் நடுவில், அவருடைய பழைய காக்கிச் சட்டையின்மேல் படுத்திருக்கும் ஒரு பூனைக்குட்டி. இரண்டு மாதம் இருக்கலாம். அவருடைய டீக்கான பாலில் வளர்ந்தது. பணம் எடுக்க வருகிறவர்கள் ரகசிய எண்ணை அழுத்தும்போது பக்கத்தில் நின்று பார்க்க அதற்கு மட்டும் அனுமதி இருந்தது.

“நீங்கதான் சார் ஏற்கெனவே ஒண்ணு வச்சிருக்கீங்க. அதோட இதுவும் ஒண்ணா இருந்துட்டுப் போவுது” என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கடன் கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் சொல்கிற வாக்கியம் இது. பத்தொன்பது வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றவருக்கு அதன் அர்த்தம் தெரியும். ஒன்றும் சொல்லாமல் கதவைத் திறந்துவிட்டார்.

முதல் பூனையை நான் யோசிக்கவில்லை. அது நிகழ்ந்தது. 2021 நவம்பரில் விடாமல் பெய்த மழையில், நாங்கள் குடியிருக்கும் மாடிப் போர்ஷனின் படிக்கட்டுத் திருப்பத்தில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. நானும் இரண்டு நண்பர்களும் நடத்தி ஐந்தாவது இதழோடு நின்றுபோன பத்திரிகையின் விற்காத பிரதிகள் அதில் இருந்தன. எந்தத் தாய் கொண்டுவந்து போட்டதோ, மூன்றாவது இதழின்மேல் ஒரு சாம்பல்நிறக் குட்டி சுருண்டு கிடந்தது. படிமம் பற்றி நான் எழுதிய நீண்ட கட்டுரை அந்த இதழில்தான் வந்தது. அதன்மேல் அது சிறுநீர் கழித்திருந்தது. அந்தக் கட்டுரைக்கு வந்த ஒரே எதிர்வினை என்று நண்பர்களிடம் பின்னால் பலமுறை சொல்லிச் சிரிப்பை வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு மழை விடட்டும் என்றுதான் உள்ளே கொண்டுபோனோம். மழை விட்டது. அதை வெளியே விடுவது என்ற பேச்சு அதற்குப்பின் எழவில்லை. இதில் எந்த இடத்தில் முடிவு எடுக்கப்பட்டது என்று இப்போது தேடிப்பார்த்தால் அகப்படவில்லை.

பெயர் வைத்தது மட்டும் பிரக்ஞாபூர்வமாக நடந்தது. ராமாயணத்தைத் தான் சொல்லப் புகுந்தது, பாற்கடலை முழுக்க நக்கிக் குடித்துவிடலாம் என்று ஒரு பூனை புறப்பட்டதைப் போன்றது என்று கம்பன் அவையடக்கம் சொல்கிறான் அல்லவா, அங்கே பூனைக்கு அவன் இட்டிருக்கும் சொல் ‘பூசை’. அதையே வைத்தேன். ஊசி போடப் போன இடத்தில் ‘பூஜா’ என்று பதிந்துகொண்டு பெண் என்று எழுதிவிட்டார்கள். பூனை ஆண். “ஆம்பிளைப் பூனைக்குப் பூஜான்னா பேர் வைப்பாங்க?” என்று டாக்டர் கேட்டார். கம்பனை விளக்க அது இடமில்லை. இன்றுவரை அந்தப் பதிவேட்டில் அது பெண்தான்.

இரண்டாவது என்பது வேறு. அதை யாரும் மழையில் கொண்டுவந்து போடப்போவதில்லை. நானாகப் பையை எடுத்துக்கொண்டு போகவேண்டும். இங்கே எனக்குக் கவிஞர்களின் இரண்டாவது தொகுதி ஞாபகம் வருகிறது. முதல் தொகுதி ஏறக்குறைய எல்லோருக்கும் தானாக நேர்ந்துவிடுகிறது. இருபது வயதின் ஜுரமும் கையில் கொஞ்சம் பணமும் சேர்ந்தால் போதும். இரண்டாவதைப் போடுகிறவன்தான் தன்னைக் கவிஞன் என்று ஒப்புக்கொள்கிறான். முதலாவதைத் தற்செயல் என்று பின்னால் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இரண்டாவது வந்துவிட்டால் முதலாவதும் தற்செயல் இல்லை என்று ஆகிவிடுகிறது. நம்மில் எத்தனை பேர் ஒன்றோடு நின்றிருக்கிறோம் என்று இதைப் படிக்கும் முப்பது நாற்பது பேருக்கும் தெரியும்.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மாள் இதே விஷயத்தை என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். நான் வாய்திறந்து கேட்கவில்லை; காவலர் அவருடைய ஓய்வூதிய வரிசையில் சொல்லியிருக்கிறார். “ஒண்ணுன்னா வீட்டுக்கு வந்த பூனை. ரெண்டுன்னா நீங்க பூனை வளக்கறீங்கன்னு அர்த்தம்” என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. கொல்லையில் பெருச்சாளி குறைந்தது பூசை வந்தபிறகுதான் என்பது அவருடைய கருத்து. பூசை பெருச்சாளியை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை என்பதை நான் சொன்னதில்லை.

பூசைக்குத் துணை வேண்டும் என்பதுதான் நான் முதலில் கட்டிக்கொண்ட வாதம். காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழுவரை வீட்டில் யாரும் இல்லை. நான் வங்கியில், மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நாங்கள் பூட்டிக்கொண்டு இறங்கும்போது அது ஜன்னல் கம்பிக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு தெருவைப் பார்க்கும். நாள் பூராவும் தனியாக இருக்கிறதே என்றேன்.

“துணை வேணும்னு அது உங்ககிட்ட சொல்லிச்சா?” என்றாள் மனைவி.

இதை நான் எழுதியிருக்கவேண்டும். பத்து வருஷங்களுக்குமுன் ஓர் இளங்கவிஞரின் முதல் தொகுதியைப் பற்றி எழுதும்போது இதைத்தான் ஆறு பக்கத்துக்கு எழுதினேன். அவருடைய கவிதைகளில் ஒரு காக்கை திரும்பத்திரும்ப வரும். மதிலில் உட்கார்ந்து அவருடைய துக்கத்தை எல்லாம் அது சுமக்கும். மனிதனின் உணர்ச்சியை இயற்கையின் தலையில் ஏற்றுவது பற்றி 1856ல் ரஸ்கின் எழுதியதை பி.ஏ. ஆங்கில வகுப்பில் படித்தது வீணாகக்கூடாது என்று நான் முழுவதையும் கொட்டி, இந்தக் காக்கையில் காக்கை இல்லை, கவிஞர்தான் இறக்கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று முடித்தேன். அவர் இரண்டாவது தொகுதி போடவில்லை. என் கட்டுரைதான் காரணம் என்று நினைப்பது என் எழுத்துக்கு நானே செய்துகொள்ளும் மரியாதை. அவருக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று, வேறு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் பிற்பாடு ஒரு புத்தகக் கண்காட்சியில் எதிரெதிரே வந்தபோது அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் கோபமே இல்லாமலிருந்தது எனக்கு நன்றாக இல்லை. இப்போது ஜன்னல் கம்பிக்குள் முகம் வைத்த பூனையில் நான் இருக்கிறேன். அது என்ன பார்க்கிறது என்று எனக்கு ஏதாவது தெரியுமா? எதிர்வீட்டு ஓட்டில் அணில் போகிறது.

ஸ்தூலமான விஷயங்களைப் பார்ப்போம். பூனைக்குத் துணை அவசியம் என்பதற்கு அதன் வம்சத்தில் ஆதாரம் குறைவு. நம் வீட்டுப்பூனைகள் ஆப்பிரிக்கா, மேற்காசியப் பகுதிகளின் காட்டுப்பூனையிலிருந்து வந்தவை. அது தனியே வேட்டையாடுகிற பிராணி. எலியளவு இரையைப் பங்குபோட என்ன இருக்கிறது? பூனைக்குலத்தில் சிங்கம் ஒன்றுதான் நிரந்தரமாகக் கூட்டம் கட்டி வாழ்கிறது. ஆனால் இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மீன்சந்தை, சத்திரம் மாதிரி ஓரிடத்தில் தீனி குவிந்துகிடந்தால் வீட்டுப்பூனைகள் கூட்டமாகவே இருக்கின்றன. தாயும் மகளும் சகோதரிகளுமாகப் பெண்கள் சேர்ந்து குட்டிகளைக்கூட மாற்றிமாற்றிப் பார்த்துக்கொள்வதுண்டு. ஆகவே தனிமை அதன் விதி என்றும் சொல்ல முடியாது. தீனியைப் பொறுத்தது. வங்கி ஊழியர் சங்கத்துக்கும் இது பொருந்தும்.

சைப்ரஸ் தீவில் ஒரு புதைகுழி. 2004ல் அதைப் பற்றி அறிவித்தார்கள். ஏறக்குறைய 9,500 வருஷங்களுக்கு முந்தியது. ஒரு மனிதனும், அவனிலிருந்து ஒரு முழ தூரத்துக்குள் எட்டு மாதத்துப் பூனை ஒன்றும் அருகருகே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அந்தத் தீவில் இயற்கையாகப் பூனை கிடையாது. யாரோ படகில் கொண்டுவந்திருக்கவேண்டும். எகிப்துக்காரர்கள் சித்திரம் எழுத ஆரம்பிப்பதற்கு எத்தனையோ ஆயிரம் வருஷம் முந்தி, கடலைத் தாண்டப்போகிற படகில், தானியமூட்டைக்குப் பக்கத்தில் பூனைக்கும் இடம் ஒதுக்கலாம் என்று ஒருவன் முடிவெடுத்திருக்கிறான். அவனுக்கும் ஒரு மனைவி இருந்திருப்பாள்.

டாக்டரிடம் கேட்டேன். குட்டியின் நிறத்தைச் சொல்லும்போதே, கறுப்பும் செம்பட்டையும் திட்டுத்திட்டாக அடித்த மாதிரி என்று ஆரம்பித்தவுடனே, “பாக்கவே வேண்டாம், பொட்டைதான்” என்றார். செம்பட்டை நிறத்துக்கான கூறு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு அது இரண்டு. கருவிலேயே ஒவ்வொரு உயிரணுவும் இரண்டில் ஒன்றை மூடிவிட்டு மற்றதைக்கொண்டு காலந்தள்ளுகிறது. எதை மூடுவது என்பது அங்கங்கே தற்செயலாக நடக்கிறது. மேரி லையன் என்ற பெண்மணி 1961ல் இதைச் சொன்னார். அதனால்தான் ஒரே உடம்பில் இங்கே கறுப்பு, அங்கே செம்பட்டை. என்னைப்போல ஒரு மாதம் யோசிக்கிற உயிரணு எதுவும் அதில் இல்லை.

பிறகு டாக்டர் செய்யவேண்டியதைச் சொன்னார். கொண்டுவந்தவுடன் இரண்டையும் முகத்துக்கு முகம் காட்டக்கூடாது. குறைந்தது இரண்டு வாரம் குட்டி தனி அறையில் இருக்கவேண்டும். தெருவிலிருந்து வருவது வைரஸ் கழிச்சலைக் கொண்டுவரலாம். ஊசி போடாத குட்டியை அது இரண்டு நாளில் கொண்டுபோய்விடும். குட்டி படுத்த துணியைப் பெரியதன் பக்கத்திலும், பெரியது படுத்ததைக் குட்டியின் பக்கத்திலும் போட்டு முதலில் வாசனை பழகவேண்டும். மூடிய கதவின் இரண்டு பக்கமும் சோறு வைக்கவேண்டும். அப்புறம் கதவைக் கொஞ்சம் திறக்கலாம். மண் தட்டு இரண்டு பூனைக்கு மூன்று. நாலைந்து மாதத்திலேயே பெண் பூனை பருவத்துக்கு வந்துவிடும், அதற்குள் ஆபரேஷன். “இவ்வளவும் செஞ்சும் ஒண்ணுக்கொண்ணு பிடிக்காமப் போகலாம். ஒரே வீட்ல ரெண்டு மாடில இருக்கற மாதிரி இருந்துக்கும். சண்டை போடலைன்னா அதுவே நல்ல முடிவுன்னு வச்சுக்குங்க.” நான் அறிந்த பல கல்யாணங்களையும், எல்லா இலக்கியக் குழுக்களையும் அவர் அறிந்திருப்பார் என்று தோன்றியது.

இதுவரை எழுதியதில் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். நடுவில் சில வருஷங்கள் சென்னைக்குச் சிகிச்சைக்காகப் போய்வந்தோம். ராத்திரி பஸ், விடியற்காலை வரிசை, அடுத்த ராத்திரி பஸ். 2023ல் ஒரு நாள், திரும்புவதற்காக பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், டிக்கெட் வாங்குவதற்கு முன்னால், “இனிமே வேண்டாம்” என்றாள். நான் சரி என்றேன். அதற்கப்புறம் நாங்கள் அதைப் பேசவில்லை. பேசாததற்குக் காரணம் வருத்தம் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். இரண்டுபேரும் நிம்மதியாக இருந்தோம், நிம்மதியைப் பேசுவதற்குத்தான் கூச்சம். வீட்டில் பூசை இருந்தது. உறவுக்காரர்கள் வந்து, அது என் மனைவியின் மடியில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு தினுசாகப் பேச்சை மாற்றுவார்கள். ஒரு பூனையாக இருக்கிறவரை அந்தப் பார்வைக்குப் பதில் இருந்தது: மழைக்கு வந்தது, போகவில்லை. இரண்டாவதை நாங்களே போய்க் கொண்டுவந்தால் அது ஒரு வாசகம் ஆகிவிடும். ஊரே உரை எழுதும். உரைகாரனை நிறுத்த ஆசிரியனால் ஆகாது என்பதை இருபது வருஷமாக வாதாடி வருகிறவன் நான். அதற்கு ஆளாகிறபோது பயமாக இருக்கிறது.

பூனையை வைத்து வைஷ்ணவர்கள் பண்ணின பழைய விவகாரம் ஒன்று உண்டு. தென்கலையார்க்கு மார்ஜார நியாயம்: தாய்ப்பூனை கவ்விக்கொண்டு போகிறது, குட்டி தொங்கிக்கொண்டிருந்தால் போதும், இறைவன் பார்த்துக்கொள்வான். வடகலையார்க்குக் குரங்கு: தாயின் வயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொள்கிற வேலை குட்டியினுடையது. எந்தக் கட்சியானாலும் உவமை குட்டியின் பக்கத்திலிருந்து சொல்லப்பட்டது. எனக்கு இப்போது வாய்த்திருப்பது கவ்வுகிற இடம். பூனையால் ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் கவ்வ முடியும். மற்றதை விட்டுவிட்டுத் திரும்பி வரவேண்டும். அந்த நேரத்தில் அது என்ன நினைத்துக்கொண்டு ஓடும் என்பதைப்பற்றி இரண்டு கட்சியும் பேசியதாக நான் கேட்டதில்லை. இதோ, மறுபடியும் காக்கைமேல் ஏறிவிட்டேன்.

எலியட் லண்டனில் லாயிட்ஸ் வங்கியில் 1917லிருந்து 1925வரை வேலை பார்த்தார். நம்மவர்களில் வங்கியில் இருப்பவர்கள் எல்லோரும் இதை ஒரு தாயத்துமாதிரி கட்டிக்கொண்டிருக்கிறோம். பூனைகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1939ல் வந்தது. ஒரு டஜனுக்கு மேல் பூனைகள். திருடன், நாடகக்காரன், ரயில்வேக்காரன். எல்லாம் கெட்டிக்காரத்தனமாக இருக்கும். எந்தப் பூனையும் பூனை இல்லை. அதே 1939ல்தான், பதினெட்டாம் நூற்றாண்டில் கிறிஸ்டஃபர் ஸ்மார்ட் எழுதிவைத்த ஒரு நீண்ட கவிதை முதல்தடவையாக அச்சாயிற்று. பைத்தியக்காரர்களுக்கான விடுதியில் அடைபட்டிருந்தபோது எழுதியது. அங்கே அவருக்குக் கூட இருந்தது ஜெஃப்ரி என்ற ஒரே பூனை. அது காலையில் எழுந்திருப்பதையும், நக்கிக்கொள்வதையும், திரும்பிப் படுப்பதையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார்; அதெல்லாம் அவருக்கு வழிபாடாகப் படுகிறது. அதில் பூனை இருக்கிறது. ரஸ்கினின் சட்டப்படி பார்த்தால் ஸ்மார்ட்தான் பெரிய குற்றவாளி, பூனை கடவுளைக் கும்பிடுகிறது என்கிறார். ஆனாலும் இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்ததால் வந்தது என்று நினைக்கிறேன். காக்கையைப் பற்றி எழுதியவரும் மதிலையே பார்த்துக்கொண்டு இருந்தவராக இருக்கலாம். நான் அவருடைய மதிலைப் பார்க்கவில்லை, ரஸ்கினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வேறொரு சந்தேகமும் உண்டு. இரண்டு வருஷத்துக்குமுன் அதிகாரியாவதற்கான பரீட்சையை நான் எழுதவில்லை. எழுதித் தேறினால் வடக்கே எங்காவது போடுவார்கள். இலக்கியத்துக்காக விட்டேன் என்று நண்பர்களிடம் சொன்னேன். அவர்களும் கொஞ்சநாள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். வாஸ்தவத்தில் அன்று ராத்திரி நான் கணக்குப் போட்டது பூசையை ரயிலில் எப்படிக் கொண்டுபோவது என்பதை. ஒரு பூனைக்கே ஒரு பதவி போயிற்று.

28ஆம் தேதி காவலர் கேட்கவில்லை. 29ஆம் தேதியும் கேட்கவில்லை. அவருடைய மகள் வீடு தாம்பரத்தில், மூன்றாவது மாடி, அங்கே எடுத்துப்போக முடியாது என்பது எனக்குத் தெரியும். புதிதாக வரப்போகிறவர் ஒரு தனியார் கம்பெனியின் ஆள், பன்னிரண்டு மணிநேரம் நிற்கப்போகிறவர், அவரிடம் ஒரு பூனையையும் ஒப்படைப்பது அநியாயம். சாயங்காலம் நான் கிளம்பும்போது காவலர் ஏடிஎம் அறைக்குள் போய், குட்டியின் கீழேயிருந்து அந்தக் காக்கிச்சட்டையை உருவி, மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் நீட்டினார். டாக்டர் சொன்னதை அவரிடம் எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறேன்.

“சட்டையை மட்டும் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்க சார். பிடிக்கலைன்னா கொண்டாந்து குடுத்துடுங்க.”

கூடத்தில் போட்டோம. பூசை தூரத்திலிருந்தே கழுத்தை நீட்டியது. கிட்டே வந்தது. மோந்துபார்த்தது. வாயைத் திறந்து பல்லைக் காட்டிச் சீறியது. முல்லை அரும்புக்குக் குறுந்தொகையில் காட்டுப்பூனையின் பல்லை உவமையாகச் சொல்லியிருக்கிறது. பாட்டில் அது சிரிப்பு. சிரிப்பா, சீறலா என்று அந்த உவமையைப்பற்றி ஒருகாலத்தில் நண்பர் ஒருவரோடு ராத்திரி பதினொரு மணிவரை சண்டை போட்டிருக்கிறேன். பூசை ஒரு சுற்றுச் சுற்றிவந்து மறுபடியும் மோந்தது. பிறகு ஜன்னலுக்குப் போய்விட்டது. விடியற்காலையில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தேன், சட்டையின் ஒரு கைமேல் மட்டும் உட்கார்ந்திருந்தது. இதற்கு என்ன அர்த்தம் என்று மனைவியை எழுப்பிக் கேட்கலாமா என்று நினைத்து, கேட்கவில்லை.

30ஆம் தேதி நான் வீட்டுக்கு வந்தபோது அவள் சின்ன அறையில் நின்றுகொண்டிருந்தாள். தனியறை என்று எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். அதில் தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு என் பத்திரிகைக் கட்டுகள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். மூன்றாவது மண் தட்டு, புதிதாக வாங்கியது, கதவோரம் இருந்தது.

“இதையெல்லாம் எங்க வைக்கறது?” என்றாள்.

எட்டு மணிக்கு ஆரம்பித்து ஒவ்வொரு கட்டாகக் கூடத்துக்குக் கொண்டுவந்து அடுக்கினேன். மூன்றாவது தடவை வரும்போதே பூசை அடுக்கின்மேல் ஏறிவிட்டது. காக்கைக் கட்டுரை வந்த இதழ் எந்தக் கட்டில் இருக்கிறது என்று தெரியவில்லை. அவிழ்த்துப் பார்க்க நேரமில்லை. காய்கறிக் கூடையைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். அதற்கு மூடி கிடையாது. முறத்தை வைத்துக் கட்டிவிடலாம் என்றேன், காற்றுப் போகாது என்றாள். பழைய கொசுவலையிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்தோம்.